கலங்கிய கிண்ணம்

ஐப்பசி 9, புதன் இரவு.

இன்று படம் கெட்டுப்போனது. ஒவ்வொரு பருவத்திலும் அதே பாறையில் உட்கார்ந்துதான் மேகமலையை வரைகிறேன். வர்ணம் கரைக்கக் காலடியில் ஓடும் ஓடைத் தண்ணீரையே எடுப்பேன். மழை விட்டுச் சில நாளாயிற்று, தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். ஆனால் வானத்துக்கு வைத்த நீலம் தாளில் சேறாக இறங்கியது. தூரிகை படுமுன்பே கிண்ணத்துத் தண்ணீர் செம்மண் கலங்கலாக இருந்திருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடையும் மெலிந்து கூழாங்கற்கள் வெளியே தெரிந்தன. மேலே எங்கோ மண் சரிந்து தண்ணீரை மறித்திருக்கிறது. அது உடைந்தால்?

அக்காவும் அத்தானும் சோளக்கதிர் காவலுக்கு ஓடைக்கரைக் குடிசையில்தான் படுக்கிறார்கள். ஓடிப்போய்ச் சொன்னேன்.

அக்கா சிரித்தாள். "தண்ணி வத்துனா நல்லதுதான ஆத்தா, கதிரு நனையாதுல்ல."

"வானம் வெளுத்துக் கெடக்கு. ஒன் படத்துல அழுக்குப் பட்டுச்சுன்னு நாங்க குடிசையக் காலி பண்ணணுமாக்கும்?" என்றார் அத்தான். "இன்னைக்கு விட்டுட்டு வந்தா பன்னி அம்புட்டையும் தின்னுரும். நீ வீட்டுக்குப் போ."

அப்பாவிடம் வந்து சொன்னேன். "மாப்பிள்ளைக்குத் தெரியாததா? அவுக பாத்துக்கிருவாக" என்று படுத்துவிட்டார்.

எனக்குப் படுக்கப் பிடிக்கவில்லை. மலைமேல் மின்னிக்கொண்டே இருக்கிறது. இடிச் சத்தம் இங்கே வரவில்லை, ஆனால் அங்கே பெய்யத் தொடங்கிவிட்டது. அப்பாவை எழுப்பினால் போகவிட மாட்டார். அரிக்கேன் விளக்கில் எண்ணெய் இருக்கிறது. அக்காவைக் கையைப் பிடித்து இழுத்தாவது கூட்டிவந்துவிட வேண்டும். அத்தான் திட்டினால் திட்டட்டும். போகிறேன்.