ஞாயிற்றுக்கிழமை மீன்கள்

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் நல்ல பனி. ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார முடிந்தது. முதல் வகுப்பு, தவளையின் இதயம். கை அதன்பாட்டுக்குப் பலகையில் வரைந்தது. மனசு முழுக்கக் கட்டுரையில்.

கட்டுரை முடிந்தது! முடிந்தது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. இந்தக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து மற்றவர்கள் கட்டுரையில் மூன்றாவது பெயர், நான்காவது பெயர். இதில் முதல் பெயர் என்னுடையது. ஆற்று மீன்களுக்கென்றே அந்த ஆய்விதழ் ஒரு சிறப்பிதழ் போடுகிறது. 16, திங்கள் கடைசி நாள். இதை விட்டால் இனி எப்போதோ.

விஷயம் இவ்வளவுதான். ஆள் போகாத கரையைவிட, ஜனம் குளிக்கிற படித்துறையில்தான் கெண்டைக் குஞ்சு அதிகம். எல்லோரும் நேர்மாறாகத்தான் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். வெள்ளைப் பெயின்ட் அடித்த தாம்பாளத்தில் கயிறு கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, அதன்மேல் வருகிற மீனை எண்ணி எண்ணி இரண்டு கோடை போயிருக்கிறது. தாம்பாளம் எங்கள் கல்யாணத்துக்கு வந்தது. தாசன் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

மீதி வேலை:
– சுருக்கம் நீளம். வெட்டணும்.
– மேற்கோள் பட்டியல். கமா, புள்ளி, கமா, புள்ளி. கண் போகும்.
– கிராஃப், இசக்கி தருவாள்.
– சபை அசனத்துக்கு வெங்காயம் உரிக்க வருகிறேன் என்று அத்தையிடம் தலையாட்டியிருக்கிறேன். எந்த நேரத்தில் ஆட்டினேனோ.

பிப்ரவரி 7, சனி

வெயில் சுள்ளென்று. இசக்கி மத்தியானம் லேப்டாப்போடு வந்தாள். புள்ளியியல் துறை. ஏரல்காரி. கட்டுரையில் இரண்டாவது பெயர். வாயும் கணக்கும் ஒரே வேகம். எண்களையெல்லாம் கிழமைவாரியாகப் பிரித்துக் கலர் கலராக வரைந்திருந்தாள். ஆறு கம்பம். ஏழாவது இடம் காலி.

"யக்கா, ஒங்க மீனுக்கும் ஞாயித்துக்கெழம லீவா?"

முதலில் புரியவில்லை. புரிந்ததும் குறிப்பேட்டைப் புரட்டினேன்.

ஒரு ஞாயிறுகூட இல்லை. பிறந்ததிலிருந்து ஞாயிறு என்றால் ஆராதனை, மத்தியானம் கறிக்குழம்பு, தூக்கம். ஆற்றுக்குப் போகவில்லையே என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. எனக்கு வாரத்தில் வேலை நாள் ஆறுதான், அதைக் கேள்வி கேட்க என்ன இருக்கிறது என்று இருந்திருக்கிறேன். சீ.

"ஞாயித்துக்கெழமதான ஊரே ஆத்துல கெடக்கும்? ஷாம்பு, சோப்பு, வண்டி கழுவுதது எல்லாம் அன்னைக்குத்தான். ஜனம் வந்தா மீன் வருதுன்னு எழுதியிருக்கோம். ஜனம் ரொம்ப வார நாள மட்டும் விட்டிருக்கோம். படிக்கவன் காறித் துப்பிருவான்க்கா."

"நீயாவது முன்னாலயே சொல்லியிருக்கலாம்லாட்டி?"

"நான் கணக்குப் பாக்கவ. மீன் ஒங்க டிபார்ட்மென்டு."

அவள் சொல்வது சரி. ஞாயிற்றுக்கிழமை படித்துறையில் மீன் இல்லையென்றால் கட்டுரையே இல்லை. நாளைக்கு நான் எங்கள் ஊர்த் துறையில், அவள் ஏரலில். வேறு வழி கிடையாது.

சாப்பிடும்போது சொன்னேன். அத்தை, அதாவது தாசனின் அம்மா, எங்கள் சபையில் பெண்கள் சங்கத் தலைவி. சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது.

"ஏளா, கோயிலுக்கு வராம மீன் எண்ணவா போற?"

"ஒரு ஞாயிறுதான் அத்தை."

"ஒரு ஞாயிறுன்னுதான் எல்லாரும் ஆரம்பிக்காவ."

தாசன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். பெரிய உதவி.

பிப்ரவரி 8, ஞாயிறு

கோயில் மணி அடிக்கும்போது நான் தண்ணீரில். முழங்கால்வரை சேலை நனைந்து, ஏதோ திருட வந்தவள் மாதிரி இருந்தது.

ஆத்தாடி, என்ன கூட்டம்! நான் இந்தத் துறையை அறிந்தவளே இல்லை. சோப்பு நுரை படி படியாக இறங்குகிறது. ஒரு லோடு ஆட்டோவைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுத் தேய்க்கிறார்கள். தாம்பாளத்தை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் யாரோ:

"ஏலே, அந்த டீச்சருக்குக் கம்மல் விழுந்துட்டு போல. தேடுதாவ பாரு."

நான் நிமிர்வதற்குள் இரண்டு பேர் முங்கிவிட்டார்கள். கம்மல் இல்லை, மீன் பார்க்கிறேன் என்றேன். "மீனயா தொலச்சீய?" என்று கேட்டான் ஒருவன். சிரிப்புத் தாங்கவில்லை, அவனுக்கும் எனக்கும்.

ஆனால் அவன் கேட்டதுதான் உண்மை. தாம்பாளம் வெள்ளைவெளேர் என்று கிடக்கிறது. ஒரு மீன் இல்லை. மறுபடி இறக்கினேன். இல்லை. படி மாற்றி இறக்கினேன். இல்லை. அவ்வளவுதான், கெட்டது குடி. ஆராதனை முடிந்து அத்தை வருவதற்குள் குழம்பு வைக்கணும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். இஞ்சி நசுக்கும்போது அழுகை வந்தது, அழுதேன்.

சாயங்காலம் இசக்கி போன். என் 'ஹலோ'வுக்குக்கூட இடம் கொடுக்கவில்லை.

"யக்கா, திரும்பி வந்துட்டு! காலைல ஒண்ணுமில்ல, சுத்தமா இல்ல. எங்க மதினி புள்ளைய எல்லாம் வந்து மத்தியானம் கரையில புளிச்சோறு சாப்ட்டுக் கையக் கழுவுனாவளா, மெல்ல ஒண்ணொண்ணா வருது. பொறவு கூட்டமா வருது! நீங்க எப்ப வீட்டுக்குப் போனீய?"

பன்னிரண்டு மணிக்கு முன்னால். குழம்பு வைக்க.

காலையில் சோப்பு விரட்டுகிறது, மத்தியானம் சோறு கூப்பிடுகிறது. அப்படித்தானா? அப்படியென்றால் மீன் ஜனத்துக்கு வரவே இல்லை, சோற்றுக்கு வருகிறது! ஓரிடத்து எண்ணை நம்பி எழுத முடியாது. எங்கள் துறையிலும் ஒரு ஞாயிறு முழுக்க இருந்து பார்த்தாக வேண்டும். மிச்சம் இருப்பது அடுத்த ஞாயிறு ஒன்றுதான்.

அன்றைக்குத்தான் அசனம். சபையே சேர்ந்து ஆக்கி, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். வருஷத்துக்கு ஒன்று. ஏசப்பா.

பிப்ரவரி 10, செவ்வாய்

காற்று. துணி கொடியில் போடப் போடக் காய்ந்துவிட்டது.

பழைய முடிவுரையை முழுக்க அழித்தேன். இரண்டு கோடையாகக் கட்டிக்கொண்டு அழுத கருத்து. வருத்தம் வரவேண்டும், எங்கே வருகிறது? குதிக்கணும் போல் இருக்கிறது. ஆய்வகத்தில் தனியாக ஒரு தடவை குதித்தும் பார்த்தேன். லேப் அட்டெண்டர் எட்டிப் பார்த்து, "பல்லியா மேடம்?" என்றார்.

'படித்துறை'க்கு ஆங்கிலத்தில் நான்கு சொல் போட்டுப் பார்த்து, படித்துறை என்றே விட்டாயிற்று.

வீட்டில் அத்தை என்னோடு நேராகப் பேசுவதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், "தாசா, ஒம் பொண்டாட்டிகிட்ட உப்பு கூடிட்டுன்னு சொல்லு" என்கிறார். தாசன் என் பக்கம் திரும்பி, "உப்பு கூடிட்டாம்" என்கிறார். இந்த மனுஷனை என்ன செய்ய.

பிப்ரவரி 14, சனி

கோயில் பின்புறம் வெங்காயம் உரிப்பு. நகத்திடுக்கெல்லாம் எரிகிறது. போதகர் வந்து ஒவ்வொருவருக்கும் நாளைய வேலை சொன்னார். என்னிடம், "பெண்கள் பந்தி நீங்க பாத்துக்கோங்க."

"நாளைக்கு நான் வரலை ஐயா. ஆத்துல இருக்கணும்."

அத்தை அடுத்த வெங்காயத்தை எடுத்தார். விஷயத்தை அவசரம் அவசரமாகச் சொன்னேன். திங்கள் கடைசி, மத்தியான மீன், சோப்பு, சோறு, எல்லாம். போதகர் யோசித்துவிட்டு, "சரிம்மா, எண்ணிட்டு வாங்க. சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லுதேன்" என்றார்.

வழி நெடுக அத்தை என்னைவிடப் பத்தடி முன்னால் நடந்தார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை: கூட்டம், நுரை, வெள்ளைத் தாம்பாளம். போன வாரம் மாதிரியே. நல்லது.

உச்சிப்பொழுது: கூட்டம் கலைந்தது. நுரை போய்விட்டது. காற்றில் கோயில் பக்கமிருந்து கறி வாசனை. வயிறு கதறுகிறது. பையில் ரெண்டு பிஸ்கட்.

மத்தியானம்: கரையில் இரண்டு குடும்பம் கட்டுச்சோறு பிரித்தார்கள். ஒரு மீன். மூன்று. ஏழு. வந்துகொண்டே இருக்கிறது! ஏரலில் எண்ணிக்கொண்டிருந்த இசக்கிக்குப் போன் போட்டேன். "இங்கனயும் வருதுக்கா!" என்று கத்துகிறாள். நானும் கத்தினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் மேலே வண்டிச் சத்தம். அசனத்துச் செம்பு அண்டாக்கள் அத்தனையும் கழுவ வருகின்றன. முன்னால் அத்தை, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு. எனக்கு உயிரே போய்விட்டது. இவர்கள் இறங்கினால் என் எண்ணெல்லாம் கலங்கிவிடும்.

"இறக்காதீங்க! அத்தை, இறக்காதீங்க!"

"அண்டாவ எறக்காதன்னு சொல்ல, ஆறு என்ன ஒங்கப்பன் வாங்கிப் போட்டதா?" ஒரு வாரத்துக்கப்புறம் என்னோடு நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"ஒரே ஒரு தடவ எண்ணிக்கிடுதேன். பொறவு கழுவுங்க. கும்பிடுதேன்."

நின்றார்கள். எண்ணினேன். படம் எடுத்தேன். "சரி, எறக்குங்க."

எங்கள் அண்டாவுக்குச் சோப்பு போடுகிற வழக்கம் கிடையாது. முதலில் தண்ணீரில் ஊறப் போட்டு அடிச்சோற்றைக் கிளப்புவார்கள், பிறகு புளியும் மணலும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், இன்றைக்குத்தான் உறைத்தது. ஜனம் உண்டு, சோறு உண்டு, சோப்பு இல்லை! நான் கேட்டிருந்தாலும் இப்படி ஒரு சோதனையை யாரும் ஏற்பாடு செய்து தந்திருக்க மாட்டார்கள்.

தாம்பாளத்தை இறக்கினேன். வெள்ளை மறைந்துவிட்டது. முழுக்க மீன். ஒன்றின்மேல் ஒன்று, பெண்களின் காலை உரசி உரசி, அவர்கள் கூச்சல் போட்டுச் சிரிக்கிறார்கள்.

அத்தை புளியும் கையுமாக நின்று பார்த்தார். பிறகு குனிந்தார். "ஒண்ணு… ரெண்டு… அஞ்சு… ஏளா, தட்ட ஆட்டாத! போச்சு, எல்லாம் போச்சு, மறுபடி எறக்கு!"

எத்தனை தடவை இறக்கினோமோ. சாப்பாடு எடுத்து வைத்திருந்தார்கள். ஆறிப்போயிருந்தது. அமிர்தம்.

பிப்ரவரி 16, திங்கள்

விடுப்பு எடுத்தேன். இசக்கி காலையிலேயே வந்துவிட்டாள். அசனத்து எண்ணைச் சாதாரண ஞாயிறோடு சேர்க்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். சேர்க்கவில்லை. தனிப் பத்தி, அசனம் என்றால் என்ன என்று விளக்கத்தோடு. இரண்டு ஞாயிறுதான் பார்த்திருக்கிறோம், இன்னும் பார்க்க வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் எழுதியாயிற்று. தலைப்பில் இப்போது 'சோப்பு' இருக்கிறது, 'சோறு' இருக்கிறது.

பாஸ்வேர்டு தவறு. மறுபடி தவறு. கிராஃப் பெரிசு, ஏற்ற முடியாது. சின்னதாக்கினால் எழுத்து தெரியவில்லை. இசக்கி கம்ப்யூட்டரைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அத்தை மூன்றாவது தடவையாகக் காப்பி கொண்டுவந்து பின்னால் நின்றார்.

"இதுல சபை பேரு போட்டிருக்கியா?"

"நன்றியில போட்டிருக்கேன் அத்தை."

"எம் பேரு?"

"ஒங்க பேரும் இருக்கு."

அத்தை காப்பி டம்ளரை மேஜையில் வைத்தார். "பேருக்கு முன்னால திருமதின்னு போட்டியா?"

போட்டேன். அனுப்பினேன்! பெற்றுக்கொண்டோம் என்று உடனே மெயில் வந்தது. இசக்கி என்னைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

லெந்து நோன்புக்கால முதல் ஞாயிறு. காலையிலேயே வெக்கை. கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்களாம், நேற்று மெயில். முதல் வாசலைத் தாண்டிவிட்டது. நல்ல பிள்ளையாகக் கோயிலுக்குப் போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரசங்கம் பாதியில் அத்தை பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு என் காதில்:

"இன்னைக்கு அங்கன யாரு எண்ணுதா?"

"யாருமில்ல அத்தை. அதான் அனுப்பியாச்சே."

"இன்னும் பாக்கணும்னு எழுதியிருக்கன்னு அந்த ஏரல்காரி சொன்னாளே?"

முன் பெஞ்சு திரும்பிப் பார்த்தது. இருவரும் தலை குனிந்தோம். கொஞ்சம் பொறுத்து மறுபடி:

"கடைசி ஆசீர்வாதம் சொன்ன ஒடனே கெளம்பு. தாம்பாளத்த ஒன் ஸ்கூட்டர்ல வச்சிருக்கேன்."