நான்கு எலுமிச்சம்பழங்கள்

திருச்சி
3.10.1998

பிரியமுள்ள அத்தானுக்கு,

நலம். உங்கள் பிள்ளை உதைக்கிற உதையில் தூக்கம்தான் இல்லை. வண்டி வந்துவிட்டது என்று படித்ததும் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதை நிறுத்த வாசல் வேப்பமரத்தை வெட்டியதற்கு ஒரு பக்கம் அழுதிருக்கிறீர்கள். ஜனக்புரியில் வேறு எங்கே நிறுத்துவதாம்?

வெள்ளிக்கிழமை பூஜை போடுங்கள். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். செங்கம்மாளுக்குத் தெரியும். முதலில் வண்டி முன்னால்தான் நகர வேண்டும். உயிரே போனாலும் ரிவர்ஸ் எடுக்காதீர்கள், அபசகுனம்.

பாவம் செங்கம்மாள், மேம்பாலத்துக்காக அவள் குடிசையை இடித்ததிலிருந்து நம் வீட்டு வேலைக்கு இரண்டு மணி நேரம் நடந்து வருகிறாள். அவளை விட்டுவிடாதீர்கள். என் குழந்தையை அவள் கையில்தான் குளிப்பாட்டக் கொடுப்பேன்.

உங்கள்
மதுமதி

ஜனக்புரி
11.10.1998

அன்புள்ள மதுமதி,

போனில் சொல்ல வாய் வரவில்லை.

செங்கம்மாள் முன்சக்கரத்தடியில் கடைசிப் பழத்தை வைத்துக்கொண்டிருந்தாள். கிளட்சிலிருந்து என் கால் நழுவியது. வண்டி துள்ளி அவள் கைமேல் ஏறி நின்றது. அவள் அலறினாள். "பீச்சே லோ பையா, பீச்சே", பின்னால் எடு என்று எல்லோரும் கத்தினார்கள். ரிவர்ஸ் போடக் கியரில் கை வைத்தேன். நீ எழுதியது நினைவுக்கு வந்தது. முன்னால் எடுத்தேன். முழங்கை வரை ஏறிவிட்டது. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

என்னை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். இரண்டு பல் போயிற்று. செங்கல்லால் முன்கண்ணாடியை உடைத்தார்கள். அதே வண்டியில்தான் மாடிவீட்டு ஜகந்நாதன் அவளை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார். பின்சீட்டில் நான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரிங் ரோட்டில் ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. முன்னும் பின்னும் கார்கள், காருக்கு ஓர் ஆள். கண்ணாடி இல்லாததால் புகை முழுக்க அவள் மூக்கில். சீக்கிரம் வந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். வலது கையை எடுத்துவிட்டார்கள்.

சுந்தரேசன்

திருச்சி
17.10.1998

பிரியமுள்ள அத்தானுக்கு,

வியாழக்கிழமை நமக்குப் பெண் பிறந்திருக்கிறாள். உங்கள் மூக்கு.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வாந்தி எடுத்தேன். ஆனால் இனி மகளை நினையுங்கள். பேங்க் வேலை போய்விட்டால் என்ன செய்வோம்? செங்கம்மாளே அவசரப்பட்டுக் கையை விட்டாள் என்று போலீசில் சொல்லுங்கள். ஜகந்நாதன் சாரும் அப்படியே சொல்வார். இரத்தம் பட்டதோடு திருஷ்டி கழிந்தது என்கிறாள் அம்மா. கண்ணாடியை மாற்றி வையுங்கள். என் மகள் ஸ்டேஷனிலிருந்து நம் காரில்தான் வீட்டுக்கு வருவாள்.

உங்கள்
மதுமதி

ஜனக்புரி
25.10.1998

மதுமதிக்கு,

மகளைப் பார்க்க ஏக்கமாக இருக்கிறது. ஆனால் நீ சொன்னதை என்னால் சொல்ல முடியாது. ஓட்டியது நான், முன்னால் எடுத்ததும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேலை போனால் போகட்டும். வண்டி போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிறது, கேட்டு வாங்கப் போவதில்லை. வருவதானால் ஆட்டோவில்தான் வர வேண்டும். வராவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் செங்கம்மாள், "ஏன் சார் முன்னால எடுத்தீங்க?" என்று கேட்டாள். உன் முதல் கடிதத்தை எடுத்து வாசித்தேன். அபசகுனம் என்ற இடத்தில், இருக்கிற கையால் எவர்சில்வர் டம்ளரை வீசினாள். என் புருவம் கிழிந்தது. "எங்க ஊர்லயும் முன்னாலதான் எடுப்பாங்க. ஆளை எழுந்துக்கச் சொல்லிட்டு எடுப்பாங்க" என்றாள். பிறகு, "மீதியையும் படிங்க" என்றாள்.

அவள் கையில்தான் குளிப்பாட்டக் கொடுப்பேன் என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

சுந்தரேசன்