நீள ஓட்டத்து ஞாயிறுகள்

9 நவம்பர், ஞாயிறு

இன்றும் ஓடவில்லை. பதினாறு கிலோமீட்டர் ஓட வேண்டிய நாள். நேற்று நங்கநல்லூரிலிருந்து அத்தை போன் செய்தாள். ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவதாக என் பேரில் வேண்டிக்கொண்டாளாம். யார் பேரில் வேண்டுதலோ அந்த ஆள் சந்நிதியில் நிற்க வேண்டும். மறுக்க முடியுமா? விடிந்ததும் புடவை கட்டிக்கொண்டு போய் நின்றேன். என்னோடு ஓடுகிற ஸ்ரீலக்ஷ்மி பெசன்ட் நகரிலிருந்து நொச்சிக்குப்பம் வரை தனியாக ஓடிவிட்டு, மீன்காரர்களோடு போட்டோ அனுப்பினாள். வயிறு எரிந்தது.

12 நவம்பர்

ஒன்று உறுத்துகிறது. சின்ன ஓட்டம் இருக்கிற ஞாயிறுகளில் அத்தைக்கு எந்தச் சாமியும் ஞாபகம் வருவதில்லை. நீள ஓட்டம் என்றால் மட்டும் வடைமாலை, காதுகுத்து, மகாபலிபுரம் போக வேன். எப்படி இவ்வளவு சரியாக? யாரோ போட்டுக்கொடுக்கிறார்கள். வேறு யார், அவள் பெற்ற பிள்ளைதான், நான் மாமா என்று கூப்பிடுகிற என் புருஷன். மாமன் மகனையே கட்டிக்கொண்டால் இப்படித்தான். அத்தையும் மாமியாரும் ஒரே ஆள், எந்தப் பக்கமும் ஓட முடியாது.

16 நவம்பர், ஞாயிறு

மாமா பால்கனியில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டார். ஆபீஸாம். ஞாயிற்றுக்கிழமை என்ன ஆபீஸ்?

30 நவம்பர்

அத்தை வீட்டு விருந்து. பதினெட்டு கிலோமீட்டர் போச்சு. பிப்ரவரியில் ஹாஃப் மாரத்தான். இப்படியே போனால் பாதியில் உட்கார்ந்துவிடுவேன்.

சாயந்திரம் மந்தைவெளிக்குப் போய் அம்மாவிடம் சொல்லி அழுதேன். "ஆம்பள, அம்மாகிட்ட உளறாம இருப்பானா? நீ இன்னாத்துக்கு அவனாண்ட தேதி சொல்லிக்கினு கீறே?" என்றாள். சரிதானே?

3 டிசம்பர்

சோதித்துப் பார்த்துவிடுவது. இருபது கிலோமீட்டர் ஓட்டம் பதினான்காம் தேதி என்று மாமாவிடம் சொன்னேன். உண்மையில் இருபத்தொன்று. என் பையன் அறிவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, அதனால் அம்மாவிடம் மட்டும் சரியான தேதி.

மாமா உடனே, "நீ போ, பையனை நான் பாத்துக்கிறேன்" என்றார். என்னமாய் நடிக்கிறார்!

14 டிசம்பர், ஞாயிறு

நங்கநல்லூரிலிருந்து போனே இல்லை. மாமா காபி போட்டு எழுப்பினார், ஓடப் போகலையா என்று கேட்டார். கால்வலி என்றேன். உஷாராகிவிட்டாரோ?

19 டிசம்பர்

அத்தை போன் செய்தாள். ஞாயிறு குலதெய்வத்துக்குப் பொங்கல், வேன் சொல்லியாச்சாம்.

ஞாயிறு என்றால் இருபத்தொன்று. அது மாமாவுக்குத் தெரியாது. ஸ்ரீலக்ஷ்மிக்குத் தெரியும், ஆனால் அவள் அத்தையைப் பார்த்ததே இல்லை. அப்போ — எங்கம்மாவா? சேச்சே. எங்கம்மா ஏன் செய்யப்போறா? இருக்காது.

20 டிசம்பர்

அம்மாதான்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டதும் ஒத்துக்கொண்டாள், சுற்றி வளைக்கவே இல்லை. தினமும் அண்ணி அண்ணி என்று அத்தையோடு போனில் பேசுகிறவள்தானே. அவளுக்கு நான் டிராயர் போட்டுக்கொண்டு ரோட்டில் ஓடுவது பிடிக்கவில்லை, தெருவில் கேட்கிறார்களாம். அதை என்னிடம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கத்தினேன்.

"நான் வேணாம்னா நீ என்னாண்ட பேச மாட்டே. அண்ணி கூப்ட்டா அவங்க மேலதான கோச்சிக்குவே?"

சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிட்டாள். மாமா அன்றைக்குப் பால்கனியில் பேசியது அத்தையிடம்தானாம். அவளை ஓட விடும்மா, ஞாயிறானால் கூப்பிடாதே என்று சண்டை போட்டாராம். அதையும் அம்மாதான் சொன்னாள், பெண்டாட்டி சொன்னபடி ஆடுகிறானாம். நான் இந்த மனுஷனையா வேவு பார்த்தேன்? தூ.

21 டிசம்பர், ஞாயிறு

நான் இல்லாமலே வேன் கிளம்பியது. மாமா அறிவைக் கூட்டிக்கொண்டு ஏறினார், அத்தைக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். இருபது கிலோமீட்டரும் ஓடினேன். நொச்சிக்குப்பத்தில் நின்று அழுதேன். கூட ஓடிவந்த ஸ்ரீலக்ஷ்மி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

1 பிப்ரவரி, ஞாயிறு

ஓடி முடித்தேன்! கடைசி இரண்டு கிலோமீட்டர் பாதி நடை. முடிகிற இடத்தில் மாமாவும் அறிவும் நின்றார்கள். அறிவு மெடலைக் கடித்துப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை, அம்மா போன். ரேஸ் எந்த ஞாயிறு என்று நான் சொல்லவே இல்லையாம். அறிவை வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள், நிஜமான பிரியத்தோடுதான்.

"அடுத்த மாசம் இருக்கும்மா" என்றேன். மெடல் கழுத்தில்தான் கிடந்தது.