ஏரிக்கரையில் தலை எண்ணிய காலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இருக்கிறோம். நலமா என்றால், நலம்தான். என் கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. ஆஸ்பத்திரிச் சலவை அறையில் ஒரு இயந்திரம் படுத்துவிட்டது. ஈரப் போர்வைகளை நாங்களே தூக்கிப் பிழிய வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடக் குனிய முடிவதில்லை. அப்பா பள்ளி வேனை நிறுத்திவிட்டு வந்து, டிவியைப் போட்டு, அதன் முன்னாலேயே தூங்கிப்போகிறார். இந்த வீட்டில் இப்போது யார் முதலில் குறட்டை விடுவது என்பதில்தான் போட்டி.

போட்டி என்றதும் சொல்ல வந்தது நினைவுக்கு வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை இங்கே டிரையத்லான் நடத்தினார்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றும் ஒரே மூச்சில். நீச்சல் எங்கே என்று கேட்பாய். அந்த ஏரியில்தான்.

மருந்துக்கடை அக்காதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவள். ஒரு மாதம் முன்பு வீட்டுக்கே வந்தாள். “வர முடியாதுன்னா புரிஞ்சுக்குவேன். ஆனா கரையேறுறவங்களை எண்ண, கண்ணை எடுக்காத ஆளு ஒருத்தர் வேணும்” என்றாள். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். நான் சரி என்றேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் இருந்திருக்கலாம்.

நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் அஞ்சு சண்டை வரும் என்பாரே அப்பா, அவரே வாயடைத்துப்போகிற மாதிரி நடத்தினார்கள். மேடை இல்லை, மைக் பிடித்து ஒரு மணிநேரம் பேசுகிறவர் இல்லை. தையற்கடைக்காரர் மிச்சத் துணியில் மஞ்சள் கொடி தைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தந்தத் தெருக்காரர் ஒருவர் கொடியோடு நின்றார். சைக்கிள் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு, பம்பும் டியூப்புமாகப் பாலத்தடியில் உட்கார்ந்துகொண்டார். கடைசியாக ஓடிவந்தவருக்கும் தண்ணீர் மிச்சமிருந்தது. முடிந்த பிறகு ஒரு காகிதக் கோப்பைகூடத் தெருவில் கிடக்கவில்லை. கல்யாண வீடுகளில்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை.

ஏரியைத்தான் ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். மிதவைகள் கோத்த கயிறு, வரிசையாகப் படகுகள். படகுக்கு இரண்டு பேர்: ஒருவர் துடுப்புப் போட, ஒருவர் பார்க்க. நீந்துகிறவர்கள் எல்லோருக்கும் சிவப்புத் தொப்பி. இறங்கும்போது அக்கா எண்ணினாள், ஏறும்போது நான். தண்ணீரைப் பார்க்க மாட்டேன், தொப்பியை மட்டும் பார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அது நடக்கிற காரியமா?

எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்றார்கள். என் கணக்கில் ஒரு தலை குறைந்தது.

அக்காவிடம் சொன்னேன். சரியாக எண்ணினீர்களா என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசிலை ஊதிவிட்டாள். படகுகள் எல்லாம் திரும்பின. குழாய் வேலைக்காரர் சட்டையோடு தண்ணீரில் குதித்தார். நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ என் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஓவிய வாத்தியார்தான் அது. தொடைத் தசை பிடித்துக்கொண்டு நீந்த முடியாமல், ஓரத்துக் கோரைக்குள் ஒதுங்கி ஏறியிருக்கிறார். பாதியில் விட்டுவிட்ட வெட்கத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். கூட்டி வந்தார்கள். “சொல்லாம போனது தப்புதாம்மா” என்றார். நான் எழுந்து போய் அந்த மனுஷனை அடித்தேன். ஆமாம், அடித்தேன். ஈரத் தோளில், முதுகில், கை வலிக்கிற வரைக்கும். ஒருவரும் தடுக்கவில்லை. அவரும் நகராமல் வாங்கிக்கொண்டார். பிறகு அவர் தோளிலேயே சாய்ந்து அழுதேன். உன் தம்பி அந்தத் தண்ணீரில் போன அன்றைக்குக்கூட எனக்கு அப்படி அழுகை வரவில்லை.

திரும்பி வரும் வழியில், பள்ளிக்கூடத் திருப்பத்தில் கொடி பிடித்து நிற்பது யார் என்று பார்த்தால் உன் அப்பா. எனக்குச் சொல்லவே இல்லை. ஏரிப் பக்கம் வர மனம் இல்லாமல் அங்கே நின்றிருக்கிறார். கடைசி ஆள் போகும் வரை இருவரும் நின்றோம். நடந்ததைச் சொன்னேன். கொடியைச் சுருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்துவிட்டுச் சொன்னார்: “இத்தனை படகு, இத்தனை கண்ணு. அப்படியும் ஒரு ஆளு தவறிட்டாரு. பதினாறு வயசுப் பொண்ணு, அவ ஒருத்தியா தம்பியப் பாத்துக்க முடியுமா? அவளத் தனியா அனுப்பினது நாமதானே?”

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அவர் உன்னோடு முகம் கொடுத்துப் பேசாததற்கு நீ வைத்திருக்கிற காரணம் எனக்குத் தெரியும். அது இல்லை, கண்ணு. உன்மேல் அவருக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை.

அடுத்த வருஷமும் நடத்துவார்களாம். அக்கா உன்னைப் பற்றிக் கேட்டாள். நீ நீந்த வேண்டாம். கரைக்குக்கூட வர வேண்டாம். லீவு கிடைத்தால் வந்து, நாலு நாள் வீட்டில் தூங்கிவிட்டுப் போ. சமைத்துப் போடுகிற அளவுக்கு இன்னும் என் கையில் தெம்பிருக்கிறது.

வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீ ரொம்ப நாள் நன்றாக இருக்க வேண்டும், மகளே. எங்கள் இருவருக்கும் பிறகு ரொம்ப, ரொம்ப நாள்.

என்றும் உன்,
அம்மா