கொடிக்காலுக்குள் போன உன் மகள்

போன இடத்திலிருந்தும் என்னைத் திட்டிக்கொண்டே இருப்பாய் என்று நான் நம்பும் என் அக்காவுக்கு,

உன் மகள் தர்ஷினி வயசுக்கு வந்துவிட்டாள். ஊருக்கே தெரிந்துவிட்டது. உனக்குத்தான் கடைசியாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? சின்னமனூரில் நான் வேலை பார்க்கிற மெடிக்கலுக்கு யூனிபார்மோடு வந்தாள். கடையில் கூட்டம். "சித்தி, பேடு ஒரு பாக்கெட்டு. ஸ்கூல்ல குடுத்தது தீந்துருச்சு" என்றாள், சத்தமாக. பிரஷர் மாத்திரை வாங்க வந்த பெரியவர் சட்டென்று மேலே ஃபேனைப் பார்த்தார். ஓனர் இருமினார். நான் பழக்கதோஷத்தில் நியூஸ் பேப்பரைக் கிழித்துச் சுற்றப் போனேன்.

"எதுக்குச் சுத்துறீக? இருமல் மருந்தை இப்படிச் சுத்துறதில்லையே?"

பேப்பரைப் போட்டுவிட்டு பாக்கெட்டை அப்படியே கொடுத்துவிட்டேன். வெளியே கூட்டிக்கொண்டு வந்து, "எப்போடி?" என்றேன்.

"போன வாரம்."

"அப்பாட்ட சொன்னியா?"

"சொன்னா கொடிக்காலுக்குள்ள விட மாட்டாகளே."

மச்சானுடைய வெற்றிலைக் கொடிக்காலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செருப்பை வாசல் படலுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தீட்டான பெண் நுழைந்தால் கொடி வாடிவிடும் என்பார்கள். அந்த நாட்களில் நீயும் படலுக்கு இந்தப் பக்கம் நின்றுதானே தூக்குவாளியை நீட்டினாய்? உன் மகள் நிற்கவில்லை. தினமும் சாயங்காலம் அப்பாவோடு வழக்கம்போல உள்ளே போயிருக்கிறாள்.

"வாடுதான்னு பாத்தேன் சித்தி. மேட்டுப் பாத்தியில ஒரு வரிசை பூரா தொட்டு வச்சேன். ஒண்ணும் ஆகலை. எனக்கு ஒரு சந்தேகம். கொடிக்கு எப்படித் தெரியும்? அதுக்கு மூக்கு இருக்கா?"

நடுரோட்டில் நின்று சிரித்துவிட்டேன் அக்கா. அப்புறம், "மொத நாளு பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"அம்மாதான் முன்னாடியே சொல்லிட்டாகளே. அடிபட்ட ரத்தம் இல்ல, பயப்படாதன்னு."

எப்போது சொன்னாய்? மஞ்சள் காமாலையில் படுத்திருந்த அந்த மாதத்திலா? எந்த வார்த்தைகளில் சொன்னாய்? நமக்கு யாருமே சொல்லவில்லையே. சாகப் போகிறேன் என்று நீ அழுதாய். உன்னைப் பின்கட்டில் உட்கார வைத்து, தொடாதே என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். உனக்கு அம்மை போட்டிருக்கிறது என்றே நினைத்தேன். அப்படி வளர்ந்த நீ இப்படிச் சொல்ல எங்கே கற்றுக்கொண்டாய்?

மச்சானிடம் நான்தான் சொன்னேன். நீ போன பிறகு அவருக்குப் பேச்சுத்துணையே தர்ஷினிதான். பைக்கில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து, வாய்க்கால் தண்ணீரிலிருந்து வகுப்பு டீச்சர் வரை பேசிக்கொண்டே போவார்கள். நான் சொன்னதும், "ம்" என்றார். அதோடு சரி. மகளுடைய முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அனுமந்தன்பட்டியிலிருந்து உன் நாத்தனாரை வரவழைத்துவிட்டு, தன் வேலை முடிந்தது என்பதுபோல் இருந்துகொண்டார்.

உன் நாத்தனார் பையைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்தார். "ஏலே, பொட்டப்பிள்ள தீட்டோட தோட்டத்துக்குள்ள திரிஞ்சிருக்கா, நீ வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தியாக்கும்?" பின்வாசலில் தென்னங்கீற்று மறைப்பு வந்தது. அவளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய். மண்டபம் பேச வேண்டும், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பிளக்ஸ் வைக்க வேண்டும் என்று பட்டியல் நீண்டது. பிளக்ஸில் உன் படமும் ஒரு மூலையில் மேகத்துக்குள் இருக்குமாம்.

தர்ஷினி கீற்றுக்குப் பின்னாலிருந்து என்னிடம் கேட்டாள். "அப்பாக்கு என்ன ஆச்சு சித்தி? பக்கத்துல வந்தாலும் எந்திரிச்சுப் போறாக. அம்மாதான் போனாக. இவுகளும் போயிட்டாகளா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மகளுக்கு ரத்தம் வந்தால் அப்பாக்களுக்கு ஏன் வாய் அடைத்துப் போகிறது? மைக்செட் கட்டி ஊருக்கே சொல்ல வெட்கமில்லை. வீட்டுக்குள் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் வெட்கம். நம்ம அப்பா அதற்குப் பிறகு உன் பக்கத்தில் உட்கார்ந்து என்றைக்காவது சாப்பிட்டாரா? யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. உனக்கு வலித்ததா அது?

இதற்கு நடுவில் உன் நாத்தனார் ஒரு பரிகாரம் சொன்னார். "மஞ்சத்தண்ணி தெளிச்சிட்டு, தோட்டம் பூரா தண்ணியக் கட்டிவிடு. தீட்டு கழுவிட்டுப் போகட்டும்." மச்சானும் மடையைத் திறந்துவிட்டார். கொடிக்காலில் தண்ணீர் ஓடலாம், தேங்கக் கூடாது என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் மறந்துவிடுமோ?

கொஞ்ச நாளில் பள்ளத்துப் பாத்தி மஞ்சளடித்துத் தலை தொங்கியது. வெற்றிலை கிள்ள வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உன் நாத்தனாருக்கு வெற்றி. "நான் சொல்லலை?"

அது ஞாயிற்றுக்கிழமை. நானும் அங்கே இருந்தேன். தர்ஷினி கீற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தோட்டத்தைப் பார்த்து நடந்தாள்.

"அடியே, இன்னும் சடங்கு கழியலைடி!"

திரும்பவே இல்லை. படலில் செருப்பை விட்டாள். நேராகப் பள்ளத்துக்குப் போய், தொங்கிக் கிடந்த கொடி ஒன்றை வேரோடு பிடுங்கி அப்பாவிடம் நீட்டினாள்.

"நான் தொட்டது இது இல்லப்பா. மேட்டுப் பாத்தி. அங்கன பச்சையாத்தான் நிக்கிது, போய்ப் பாருங்க. இது நீங்க தண்ணி தேக்குன எடம்."

மச்சான் வாங்கினார். வேரை நகத்தால் சுரண்டினார், மோந்து பார்த்தார். மேட்டுப் பாத்தி வரைக்கும் நடந்து போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். கிள்ளுகிற பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"அழுகல்தான்" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நான் செஞ்ச வேலை இது. பிள்ளையச் சொல்லாதீக."

அப்புறம்தான், அத்தனை நாளுக்குப் பிறகு, அவளை நிமிர்ந்து பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"வயிறு வலிச்சுச்சா ஆத்தா?"

"வலிச்சுச்சு. ரெண்டாம் நாளு ரொம்ப."

"அன்னைக்கும் இங்கன வந்தியா?"

"வந்தேன். நீங்க ஒரு வெத்தலைக் கட்டைத் தூக்கச் சொன்னீக. தூக்குனேன்."

மச்சான் இந்தத் தடவை எழுந்து போகவில்லை அக்கா. வரப்பில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகின கொடியையெல்லாம் எப்படிப் பிடுங்குவது, தண்ணீரை எந்தப் பக்கம் வடிப்பது என்று பேச ஆரம்பித்தார்கள்.

உன் புருஷன் ஒரே நாளில் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதே. அன்றைக்குச் சாயங்காலம் கீற்று மறைப்பை அவரே பிரித்துப் போட்டார், அது உண்மை. மண்டபத்தை வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை. உன் நாத்தனார் என்னோடு பேசுவதில்லை. நாங்கள் இருவரும் அதில் சந்தோஷமாகத்தான் இருக்கிறோம்.

ஆனால் உனக்கு ஒன்று சத்தியம் செய்கிறேன். அவளுக்குப் பிடிக்காமல் எந்த மேடையிலும் அவளை உட்கார வைக்க விடமாட்டேன். அடுத்த மாதமும் மச்சான் அவளிடம் வலிக்கிறதா என்று கேட்கிறாரா என்று பார்ப்பேன். கேட்காவிட்டால், கிள்ளுகிற பெண்கள் எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்க வைப்பேன்.

அவளுக்கு அம்மாவாக ஆக முடியாது, சித்தியாகவே இருக்கிற
உன் தங்கச்சி