பலகை பிடிப்பவள்

மே 12, மோதெனா
ஓரெஸ்தே கையெழுத்துப் போட்டாயிற்று. கார் பந்தய அணியில் என் வீட்டுக்காரர் இனி இரண்டாவது ஓட்டுநர். முதல் ஓட்டுநர் இலாரியோவின் கார் நின்றுபோனால் தன் காரை அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். புள்ளிகள் ஆளுக்குப் பாதி. எல்லா அணியிலும் இதுதான் வழக்கம். நான் பாதையோரம் உட்கார்ந்து நேரம் குறிப்பேன், உத்தரவைப் பலகையில் எழுதி ஓட்டுநர்களுக்குக் காட்டுவேன். சம்பளம் கிடையாது. சாண்ட்விச் உண்டு.

மே 27, பெர்ன்
இலாரியோவின் கார் புகைந்து நின்றது. அப்போது முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது ஓரெஸ்தே. வாழ்க்கையில் முதல்முறை.

மேலாளர் ஸாம்பெல்லி என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏம்மா நோர்மா, உள்ள வரச்சொல்லி எழுது."

எழுதினேன், பிடித்தேன். ஓரெஸ்தே வந்து இறங்கி, கண்ணாடியைத் துடைத்தார். இலாரியோ ஏறி உட்கார்ந்து, "சீட்டு நல்லா சூடா இருக்குடா," என்றார். ஜெயித்தார். ஆளுக்கு நான்கு புள்ளி.

மே 28
ரயிலில் ஓரெஸ்தே தூங்கினார். தூங்கினாரா?

ஜூன் 9
கோபமா என்று கேட்டேன்.
"யார் மேல? கையெழுத்துப் போட்டது நான்தானே. பலகையப் பிடிச்சது நீயா இல்லாம இருந்திருக்கலாம்."
பிறகு சூப்பில் உப்பு இல்லை என்றார்.

செப்டம்பர் 16, மோன்ஸா
ஒரு பந்தயம் பாக்கி இருக்கும்போதே இலாரியோ சாம்பியன். ஒருவரின் சிறந்த நான்கு முடிவுகள்தான் கணக்கில் சேரும். அவருக்கு மூன்று முதலிடம், ஒரு இரண்டாமிடம்; இரண்டாமிடத்துக்கே ஆறு புள்ளி. பெர்னில் எங்களிடம் வாங்கிய நான்கு புள்ளி சேரவே இல்லை. ஒன்றுக்கும் உதவாததற்கா அன்று பலகையைப் பிடித்தேன்?

அக்டோபர் 28, பார்சலோனா
இலாரியோவின் கார் மறுபடி நின்றது. ஓரெஸ்தே முதலிடத்தில். பட்டம்தான் கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்கு?
"இதுலயும் இலாரியோ ஜெயிச்சா பேப்பர்ல நல்லா இருக்கும். எழுதும்மா," என்றார் ஸாம்பெல்லி.

கொட்டை எழுத்தில் எழுதி மூன்று சுற்று தூக்கிப் பிடித்தேன். என் பின்னால் நின்ற ஸாம்பெல்லிக்கு எழுத்து தெளிவாகவே தெரிந்தது. பாதையைப் பார்க்க வேண்டிய எழுத்து தனக்குத் தெரியக் கூடாதே என்று அவருக்குத் தோன்றவில்லை. "உன் புருஷனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று மட்டும் கத்தினார்.

ஓரெஸ்தே ஜெயித்தார். எட்டுப் புள்ளியும் முழுசாக.

இரவு கேட்டார்: "வெறும் பலகைய எதுக்கு மூணு தடவ காட்டின? என்ன எழுதியிருந்த?"
"ஸாம்பெல்லி படிச்சாரு. அவரக் கேளுங்க."

டிசம்பர் 3, மோதெனா
புது ஒப்பந்தம் வரவில்லை. வராது. ஓரெஸ்தே தன் அண்ணனின் பட்டறைக்குப் போகிறார். பார்சலோனாவில் ஜெயித்த கோப்பையில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறோம். அதில் பாதி கேட்டு யாரும் வரவில்லை.