நிமிர்ந்து உட்காரச் சொன்னவளுக்கு

காலையில் குழாயடியில் சப்பாத்தைக் கழுவ உட்கார்ந்தேன். அடியில் ஒட்டியிருந்த சேறு தண்ணீர் பட்டதும் இளகி, ஈரப் புல்லும் குதிரை லத்தியும் கலந்த அந்த வாசம் எழுந்தது. கண்டி மஹய்யாவவில் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அது பிடிக்காது. எனக்கு மட்டும் உடனே உன்னோடு பேச வேண்டும் போல இருந்தது. சப்பாத்தை வெயிலில் வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நாம் வேலை பார்த்த கந்தோரில் இரண்டு பேரின் கதிரைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கவுண்டரில் யார் வந்து நின்றாலும் உன் குரல் வாசல் வரைக்கும் கேட்கும். சின்ன வயதில் வலைப்பந்து ஆடியவள் நீ. முழங்கால் கெட்டுப்போய் ஆட்டத்தை விட்ட பிறகும் உன் உடம்பு மைதானத்தை விட்டு வரவில்லை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதுகூட, பந்து எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து நிற்பவளைப் போலத்தான் நிற்பாய்.

நானோ, ஆபரேஷனுக்குப் பிறகு வேறு ஆளாகிப் போயிருந்தேன். இடது மார்பை எடுத்திருந்தார்கள். காயம் நன்றாக ஆறிவிட்டது, புற்றுநோய் வருத்தமும் போய்விட்டது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சுவரில் விரல்களை வைத்து மெல்ல மெல்ல மேலே ஏற்றிக் கையைத் தூக்கும் பயிற்சி ஒன்றைக் காட்டி, தினமும் செய்யச் சொன்னார். நான் செய்யவில்லை. கையைத் தூக்கினால் இல்லாதது தெரிந்துவிடும் என்று ஒரு கூச்சம். முந்தானையை இரண்டு தோளிலும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடியே கந்தோருக்குள் நடப்பேன். நாள் போகப் போக இடது தோள் முன்னால் சுருண்டது. கழுத்து வலித்தது, தலை வலித்தது. ஒரு மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. தூக்கமும் போயிற்று. பார்க்கிற எல்லோரும் பாவம் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்கக் கேட்க நான் இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

நீ மட்டும் அதைச் சொல்லவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாய்.

“வருத்தம் போயிருச்சுடி. நீதான் இன்னும் அதக் கட்டிப் புடிச்சிக்கிட்டு இருக்க.”

எனக்குக் கோபம் வந்தது. அன்று சாயங்காலம் வரை உன்னோடு பேசவில்லை. வீட்டுக்குப் போகும்போது பஸ் யன்னலில் என் உருவம் தெரிந்தது. மடியில் ஒன்றுமே இல்லை, ஆனால் இரண்டு கைகளும் நெஞ்சை மூடிக்கொண்டிருந்தன.

மறுநாள் நீயே பேச்சை ஆரம்பித்தாய். ஹந்தானை மலையில் தேயிலைத் தோட்டத்துக்கு அப்பால் ஒருவர் குதிரைகள் வளர்க்கிறார், உன் தம்பிதான் அவற்றைப் பார்த்துக்கொள்கிறான், வெள்ளைக்காரர்கள் வந்து சவாரி போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். லீவு நாளில் நீயும் ஏறிப் பழகியிருக்கிறாய் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. குதிரையில் உட்கார்ந்தால் முழங்காலுக்குப் பாரமில்லை, ஆனால் விளையாடிய காலத்தில் வேலை செய்த தசை எல்லாம் மறுபடியும் விழித்துக்கொள்கிறது என்றாய். என்னையும் வரச் சொன்னாய். நான் சிரித்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

நீ விடவில்லை. அடுத்த கிளினிக் நாளில் கூடவே வந்து டொக்டரிடமே கேட்டாய். அவரும் முதலில் சிரித்தார். பிறகு யோசித்து, குதிரை நடக்க மட்டும்தான் வேண்டும், கயிற்றை ஒருவர் பிடித்துக்கொண்டே வர வேண்டும், இடது கையால் எதையும் பலமாக இழுக்கக் கூடாது, கை வீங்கினால் உடனே நிறுத்திவிட்டு வந்து காட்ட வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர்தான் பயந்தார். விழுந்து வைத்தால் யார் பார்ப்பது என்று உன்னிடமே கேட்டார். இப்போது விழுந்து கிடக்கிறவளை யார் பார்க்கிறார்கள் என்று நீ திருப்பிக் கேட்டாய். அவர் உனக்குத் தேத்தண்ணி போட எழுந்து போனார்.

உடனே குதிரையில் ஏற்றிவிடவில்லை நீ. முதலில் கந்தோர் முடிந்ததும் வாவியைச் சுற்றி நடக்க வைத்தாய். ஃபைலையும் கைப்பையையும் நீயே வாங்கிக்கொண்டு, கையை வீசி நடக்கச் சொன்னாய். கோயிலுக்குப் போகிறவர்கள், டியூசன் முடிந்து வருகிற பிள்ளைகள், மரங்களில் கத்துகிற பறவைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் என் இடது கை மரக்கட்டை மாதிரி ஆடியது. மழை பெய்த நாட்களிலும் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. உன்னுடைய களிசானைப் போட்டு, நீளமான கால்களை மடித்து விட்டுக்கொண்டு நான் உன் பின்னால் நடக்கிறேன். எந்த வயதில் கடைசியாகக் களிசான் போட்டேன் என்றே நினைவில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். குதிரை ஏறப் போகிறோம் என்றாய். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, நீ அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாய்.

வெள்ளைக் குதிரை. அதனால் சிங்களத்தில் சுது என்று பெயர். வயதான, அமைதியான பெட்டைக் குதிரை. கல் மேடையில் ஏறி நின்று, உன் தோளைப் பிடித்துக்கொண்டு, எப்படியோ அதன் மேலே போய் உட்கார்ந்துவிட்டேன். உன் தம்பி கயிற்றைப் பிடித்து நடத்தினான். கொஞ்ச தூரம் போய் சுது நின்றுவிட்டது. மறுபடி நடத்தினான். மறுபடி நின்றது. பயத்தில் நான் வளைந்து அதன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் சாய்ந்தால் நம் பாரமெல்லாம் அதன் முன்னங்கால் மேல் போகிறது, அது குழம்பிப் போகிறது என்று தம்பி மெல்லச் சொன்னான். நீ பாதையோரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றாய்.

“குதிரைக்கு ஒன் வருத்தமெல்லாம் தெரியாதுடி. நீ எந்தப் பக்கம் பாக்குறியோ, அந்தப் பக்கம் போவும். அவ்வளவுதான்.”

நிமிர்ந்தேன். நெஞ்சு விரிந்தபோது தழும்பு இழுத்தது. வலிக்கும் என்று நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. கீழே கண்டி முழுவதும் தெரிந்தது, நடுவில் வாவி ஒரு கண்ணாடித் துண்டு போல. சுது நடந்தது. அதன் ஒவ்வொரு அடிக்கும் என் இடுப்பு தானாகவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது. யாரோ என் காலால் எனக்காக நடப்பதைப் போல. வெகு நாளைக்குப் பிறகு வயிறு நிறைய மூச்சை இழுத்தேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது தொடை இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. கட்டிலில் உட்கார்ந்ததுதான் தெரியும், குழந்தை மாதிரித் தூங்கிப்போனேன்.

அதன் பிறகு சனிக்கிழமை என்றால் சுதுதான். விட்டுப்போன சுவர்ப் பயிற்சியையும் ஆரம்பித்தேன், உனக்குத் தெரியாமல்தான். தலைவலி எப்போது நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. நிற்கிறதை யார் கவனிக்கிறார்கள்? ஆனால் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. கந்தோர் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு திரும்பினேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதுதான் உறைத்தது, எடுத்தது இடது கையால். எழுந்து கென்டீனுக்குப் போய் இரண்டு சீனிப் பணிஸ் வாங்கி வந்து, ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாய்.

முதலில் போகப் போகிறவள் நான் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிலிமத்தலாவையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன நீ, பேசிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாயாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் தலைமாட்டில் நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. தோள் இரண்டும் பழையபடி சுருண்டுகொள்வது மட்டும் தெரிந்தது. ஓடியாடித் திரிந்தவளுக்கே இப்படி என்றால் இந்த நடையும் சவாரியும் எதற்கு என்று தோன்றிற்று. சனிக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

சில மாதம் கழித்து உன் தம்பி வீட்டுக்கு வந்தான். வந்தவன் உன்னைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. போகும்போது வாசலில் நின்று சொன்னான்.

“சுது சும்மாவே நிக்கிதுக்கா. ஒருக்கா வந்துட்டுப் போங்க.”

குதிரைக்காகத்தான் போனேன். கல் மேடையில் நின்றபோது பிடித்துக்கொள்ள உன் தோள் இல்லை. சேணத்தைப் பிடித்து ஏறினேன். சுது நடக்க ஆரம்பித்ததும், உன் வீட்டில் வராத அழுகை அங்கே வந்தது. தம்பி திரும்பிப் பார்க்காமல் கயிற்றோடு முன்னால் நடந்தான். தேயிலை மேட்டைச் சுற்றி வரும் வரை அழுதேன். சுது ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், என் முதுகு நேராக இருந்தது. மனசு மடிந்து கிடந்த வேளையிலும் உடம்பு நீ சொல்லிக் கொடுத்ததை மறக்கவில்லை. இந்த நடையும் சவாரியும் எதற்கு என்று தோன்றியதே, அதற்கும் அங்கேயே பதில் கிடைத்தது. கடைசி நாள் வரை நீ நிமிர்ந்து நடந்தாய். இருந்த நாள் முழுவதும் இருந்தாய்.

இப்போது டொக்டர் வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்கிறார். போன தடவை கிளினிக்கில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பிலிமத்தலாவையில் துணிக்கடை வைத்திருப்பவள். கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். நான் பாவம் என்று சொல்லவில்லை. நடப்பீர்களா என்று கேட்டேன். வாவியைச் சுற்றி நடந்து, டொக்டரிடமும் கேட்டுக்கொண்டு, நேற்று அவளை மலைக்குக் கூட்டிப்போனேன்.

சுது இப்போது பாரம் சுமப்பதில்லை, புல் மேய்கிறது. பழுப்பு நிறத்தில் இளையது ஒன்றில் அவளை ஏற்றினோம். பயந்தாள், வளைந்தாள், பிறகு தலையைத் தூக்கினாள். குதிரை நடந்தது. மேட்டில் ஒரு சுற்று வந்து இறங்கியபோது அவள் முகமெல்லாம் வியர்வை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“ஒங்களுக்கு இதெல்லாம் யாருங்க பழக்குனது?”

உன் பெயரைச் சொன்னேன். நீ போன பிறகு அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் உடையும் என்று நினைத்தேன். உடையவில்லை. லாயத்துக்குள் நின்ற உன் தம்பிக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன்.